நார்வே மாமாவின் விண்ணப்பம்

ஷார்ஜாவின் ஜூன் மாத வெயிலில் கம்பளிக் குல்லாய் வாங்கியவர், இந்த உலகத்திலேயே நார்வே மாமா ஒருவர்தான். ஏசி மெக்கானிக். ஊர் தரங்கம்பாடி. என் அப்பாவோடு ஒரே லேபர் கேம்ப், ஒரே ரூம். ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டு, "இப்பவே பழகிக்கங்கடா" என்பாராம். மற்ற ஏழு பேரும் போர்வைக்குள்ளிருந்தே திட்டுவார்களாம்.

எட்டுத் தலைமுறைக்கு முன் டேனிஷ்காரர்களோடு கப்பலில் வந்த நார்வே மாலுமி ஒருவன்தான் தன் வம்சத்துக்கு மூலவன் என்பது அவர் கட்சி. ஆதாரம், அவருடைய பூனைக்கண். வாரிசு முறையில் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க, நான் வேலை பார்த்த டைப்பிங் சென்டருக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் திமிரில், "ஆதாரத்த இணைக்கணுமே மாமா" என்றேன். மனிதர் ஸ்கேனர் கண்ணாடியில் கன்னத்தைப் பதித்துக் கண்ணை அகல விரித்தார்! ஆபீஸே சிரித்தது.

"சிரி பாப்பா. இங்க, விசா எப்ப முடியுதுங்கிறான். ஊருக்குப் போனா, எப்பத் திரும்பிப் போறேங்கிறான். ஒண்ணுமே கேக்காத ஒரு ஊரு வேணும்ல?"

விதிமுறையைப் படித்தேன். "எட்டுத் தலைமுறையெல்லாம் செல்லாதாம். நீங்க பொறந்தப்ப அப்பாவோ அம்மாவோ நார்வேக்காரங்களா இருந்திருக்கணுமாம்."

"எங்கப்பாரு கட்டுமரத்துல போனவருல்ல?"

"மாத்தி எழுதிடுவோமா?" கண்ணடித்தேன்.

அந்த நேரம் பார்த்து என் அப்பா வந்தார். சிமெண்ட் படிந்த சட்டை, கையில் எனக்கான சாப்பாட்டு டப்பா. மேனேஜர், "யாரு?" என்றார்.

"தெரிஞ்சவர் சார். கேம்ப்ல இருக்கார்" என்றேன்.

அப்பா டப்பாவை மேசையில் வைத்தார். "வர்றேங்க மேடம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நார்வே மாமா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தினார். "அப்பன் பேரு மாரிமுத்து. தொழிலு கட்டுமரம். அப்படியே அடி."

"அப்புறம் கெடைக்காது மாமா."

"கெடைக்காட்டிப் போவுது."

அடித்தேன். கிடைக்கவில்லைதான். டப்பா கொண்டுவந்தவர் என் அப்பா என்று மேனேஜரிடம் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது. அதற்குள் மாமா வேலை முடிந்து, குல்லாயோடு ஊருக்கு விமானம் ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் நானும் அப்பாவும் அவருக்குப் போன் செய்கிறோம். சாப்பாடு, கடல், ஏசி, மழை எல்லாம் கேட்பேன். எப்போது திரும்பி வருவீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை.