லிஃப்டில் ஏறிய முன்னறிவு

உலகில் எத்தனையோ அறிவுகள் உண்டு. எல்லாவற்றிலும் உயர்ந்தது முன்னறிவு. அதை மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் நம் நிபுணர். ஆபத்து வருமுன் எச்சரிப்பது அவர் தொழில். வந்த பிறகு, 'எனக்கு அப்பவே தெரியும்' என்பது அவருடைய தனிச்சிறப்பு.

அன்று ஏழாவது மாடியில் அவருடைய பேருரை. தலைப்பு: 'ஆபத்தும் பாமரரின் அறியாமையும்'. உரை எடுபட்டால் அந்தக் கட்டடத்தின் பாதுகாப்பு இயக்குநர் பதவி. கோட்டைவிட்டால் அது அடுத்துப் பேசவிருந்த மைத்துனருக்குப் போய்விடும். அப்புறம் மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியாது.

வெளியே மழை கொட்டியது. படியேறப் போன டீக்கார அக்கா, லிஃப்ட் பொத்தானை அழுத்திய நிபுணரைப் பார்த்துப் பதறினாள்.

"சார், மழைன்னா இது மூணாவது மாடிக்கு மேல போகாது. எல்லாரும் படியிலதான் போறாங்க."

"எந்த ஆய்வு அப்படிச் சொல்லுது?"

"ஆய்வெல்லாம் தெரியாது சார். போன மழைக்கு நானே உள்ள மாட்டிக்கிட்டேன்."

"அது வெறும் 'அனுபவம்' அம்மா," என்று நிபுணர் கருணையோடு திருத்தினார்.

கூட வந்திருந்த அவர் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "நான் அக்காகூடப் படியில போறேன். நீங்க உங்க முன்னறிவோட வாங்க."

மூன்றாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றது. விளக்கும் அணைந்தது. நிபுணர் இருட்டில் தடவித் தடவி எல்லாப் பொத்தானையும் அழுத்தினார்.

"கதவோட அடியில ஓங்கி ஒரு உதை விடுங்க சார்!" வெளியிலிருந்து அக்காவின் குரல்.

"உதைக்கிறதுக்கு முறையான வழிகாட்டுதல் இருக்கா?"

"என்னங்க," என்று மனைவி கத்தினாள், "உங்களக் காணோம்னு மேல மைக்குல என் தம்பிய மேடைக்குக் கூப்பிடுறாங்க!"

விட்டார் ஒரு உதை. வழிகாட்டுதல் எதுவும் இவ்வளவு விரைவாக நடைமுறைக்கு வந்ததில்லை. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுங்கி, நான்காவது மாடியில் கதவைத் திறந்தது. மீதி மாடிகளைப் படியில் ஓடியே கடந்து, மைத்துனர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"இப்பதான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். 'கீழ்முனைத் தாக்க உத்தி'ன்னு ஒண்ணக் கண்டுபிடிச்சுத் தப்பிச்சேன். இந்த ஆபத்து இங்க ஒருத்தருக்காவது முன்கூட்டியே தெரிஞ்சுதா?"

ஏழு மாடி ஏறி வந்து இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவை, எழுந்து நின்று கைதட்டியது.

பதவி அவருக்கே கிடைத்தது. மறுநாளே முதல் உத்தரவு வந்தது: 'பயிற்சி பெறாத பொதுமக்கள் கும்பலாகப் படியேறுவது ஆபத்து என்பதால், மழை நாட்களில் மாடிப்படி பூட்டப்படும். சாவி இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காக அவரிடமே இருக்கும்.'