நூற்றுப் பத்து என்று சொன்னேன்

ஸ்பிரிட் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு ஊசி ஞாபகம் வரும். எனக்குப் பசி ஞாபகம் வரும். பசிக்குப் பின்னாலேயே ஒரு பொய்யும் வரும்.

எங்கள் கரும்புத் தீவு சுதந்திரம் பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊர் தேர் ரூஜிலிருந்து பஸ் ஏறிப்போய் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி. பரீட்சையில் தேற வேண்டுமென்று தைப்பூசக் காவடிக்கு நேர்ந்துகொண்டு விரதத்தில் இருந்தேன். எங்கள் தெருப் பெண்கள் ஒருவேளைச் சோறு, பால், பழம் என்று நியாயமாக விரதமிருந்தார்கள். நானோ முருகனையே அசத்திவிடும் உத்தேசத்தில் தண்ணீர் தவிர எல்லாவற்றையும், தேநீரைக்கூட, ஒதுக்கினேன். (முருகன் கேட்கவில்லை. என் திமிர்தான் கேட்டது.)

ஐந்தாம் நாள், சிசேரியன் அறை வாசலில் பெரிய நர்ஸ் மறித்தார். "சாப்பிட்டியா?"

"வயிறு முட்ட."

ஆபரேஷன் மேசையில், தெற்கே சுயாக் ஊரிலிருந்து பிரசவத்துக்கு வந்த சரோஜா அக்கா. முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது, விழிப்போடுதான் இருந்தார். அந்த ஊசி ரத்த அழுத்தத்தைச் சடாரென்று இறக்கிவிடும். இறங்கினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. என் வேலை, நிமிடத்துக்கொரு முறை அழுத்தம் பார்த்து உரக்கச் சொல்வது. தாய்க்குக் குமட்டினால், அதுதான் முதல் அறிகுறி, உடனே சொல்வது.

"தங்கச்சி, குமட்டுதுடி."

"எனக்கும்தாங்க்கா," என்றேன். (ஆறுதல் சொன்னேனாம்!)

ஸ்டெதாஸ்கோப்பில் துடிப்பு கேட்கவில்லை. கரும்பாலை ஓடுவதுபோல் என் காதின் இரைச்சல்தான். அழுத்தக் கருவியில் பாதரசம் இறங்கிக்கொண்டே போனது, எங்கும் நிற்கவில்லை.

"எவ்வளவு?" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

போன நிமிடத்து எண்ணை எடுத்து நீட்டினேன். "நூற்றுப் பத்து."

அவர் நிம்மதியாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

"தொக்தேர்! இந்தப் பொண்ணு விழுது!" சாகக் கிடந்த சரோஜா அக்காதான் டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினார்.

விழுந்தேன், மேசையடியில் இருந்த காலி வாளியைக் கட்டிக்கொண்டு. டாக்டர் தாமே அழுத்தம் பார்த்தார்: எழுபது. "வயித்தை இடப்பக்கம் தள்ளுங்க! சலைனை வேகமா விடுங்க! காலைத் தூக்குங்க!" என்று அழுத்தம் ஏற்றும் எபெட்ரின் ஊசியை எடுத்தார். யார் காலை என்று சொல்லவில்லை. ஓர் ஆயா என் இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொடிமரமாக நின்றாளாம். எங்கள் வீட்டில் இன்றும் யாராவது சோற்றைத் தள்ளிவைத்தால், "காலைத் தூக்கவா?" என்றுதான் கேட்பார்கள்.

நானும் சிரிப்பேன். ஆனால் கண் விழித்தபோது அந்த அறையில் சிரிப்பு இல்லை. குழந்தை நீலம் பாரித்து வந்திருந்தது. அழவில்லை. தரையில் மல்லாந்தபடி அந்த மௌனத்தைக் கேட்டேன். காது இப்போது நன்றாகவே கேட்டது, பாவி காது. கடலே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் ஒரு நேரம். அப்புறம் ஒரு முனகல். அப்புறம் அழுகை.

அந்த வருடம் நான் காவடி எடுக்கவில்லை.

சரோஜா அக்கா வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, பஸ் நிறுத்தம்வரை அவர் பையைச் சுமந்து போனேன். "அக்கா, அன்னிக்கு நான் சொன்ன கணக்கு பொய். எனக்கு ஒண்ணுமே கேக்கல," என்றேன்.

அவர் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகப் பையை வாங்கக் கை நீட்டினார்.

"அடுத்து அந்த மேசைக்கு வர்றவளுக்காவது, கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லிடு, தங்கச்சி."