சாம்பாரில் அடித்த ஊதா டார்ச்

மலேசியாவின் பாக்கார் ஆராங் ஊரில் டார்ச் அண்ணே சோதிக்காத தண்ணீரே கிடையாது. குழாய், கிணறு, மீன் தொட்டி, பக்கத்து வீட்டு ரசம் எதுவும் தப்பவில்லை. கையுறைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவருக்கு வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சொட்டு மருந்துக் குப்பியும் ஊதா டார்ச்சும் இருக்கும்.

பிள்ளைகளா, தண்ணீரில் கரைந்த அலுமினியம் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் துகளை அயனி என்பார்கள். அண்ணேயின் மருந்து அதைப் பிடித்துக்கொண்டால், டார்ச் வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். அதைப் பார்க்கத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கோப்பைக்குள் குனிவார். ஆவி பிடிக்கிறார் என்று நினைத்து, போகிறவர்கள் "காய்ச்சலாண்ணே?" என்று விசாரிப்பார்கள்.

போன வருஷம் கோயில் திருவிழா. சரோஜா அக்கா விடியலிலிருந்து அலுமினிய அண்டாவில் சாம்பார் வைத்திருந்தார். இலை போட்டாயிற்று. அண்ணே ஒரு கரண்டி வாங்கி, சொட்டு விட்டு, துண்டுக்குள் மறைந்தார். மறுநிமிஷம் ஆமை மாதிரி தலை வெளியே வந்தது.

"யாரும் சாப்பிடாதீங்க! புளி அண்டாவக் கரைச்சிருச்சு! பச்சையா எரியுது!"

"கொட்டிருங்க லா, வேற வழியில்ல" என்றார் கோயில் தலைவர். இரண்டு பேர் அண்டாவைத் தூக்கப் போனார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சமைத்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்டாவ விடுங்க! நானே பாக்குறேன்."

கோப்பையையும் டார்ச்சையும் பிடுங்கித் துண்டுக்குள் புகுந்தார். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம்.

"அண்ணே, இங்க வாங்க. அப்போ என் கையும் அலுமினியமா?"

மஞ்சள்தூள் அப்பிய அவருடைய விரல்களும் அதே பச்சையில் ஜொலித்தன. மஞ்சளுக்கு மருந்தே வேண்டாம், தானாகவே ஒளிரும். சொட்டு விடாத சாம்பாரிலும் அண்ணே டார்ச் அடித்துப் பார்த்தார். அதுவும் பச்சை!

"சொட்டு விடுறதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவ பாத்திருக்கணும். தப்பு என்னுதுதான் தங்கச்சி."

சொல்லிவிட்டு, முதல் இலையில் போய் உட்கார்ந்தார். "எனக்கு மொதல்ல ஊத்து."

"வயித்துல டார்ச் அடிச்சுப் பாருங்கண்ணே!" என்றது கூட்டம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி கேட்டார்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு அவர் ஓவர்டைம் முடிந்து வரத் தாமதமாகிவிட்டது. பந்தி காத்திருந்தது. அவர் ஓட்டிவரும் காடி கோயில் வாசலில் வந்து நிற்கும்வரை, சரோஜா அக்கா சாம்பார்க் கரண்டியை யார் இலைக்கும் நீட்டவில்லை.