நால்கு சொல்லாத நான்காம் எண்

மைசூர் நகரம் எத்தனையோ மகாராஜாக்களைக் கண்டிருக்கலாம். இட்லிக்கே தாளம் எண்ணிவிட்டு வாயைத் திறந்த மனிதன் ஒருவனைத்தான் கண்டது. அவன் எங்கள் கல்லூரி விடுதியின் ‘நால்கு’.

நால்கு என்றால் கன்னடத்தில் நான்கு. விந்தை என்னவெனில், அந்த எண்ணை அவன் ஒருநாளும் உச்சரித்ததில்லை. “ஒந்து, எரடு, மூரு...” என்பான், நான்காவதற்கு மோவாயை மட்டும் மேலே தூக்குவான். சாலையைக் கடக்கவும் அப்படியே, மார்கழிக் குளிரில் முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளவும் அப்படியே. வாய்மொழித் தேர்வில் அவன் மூன்று வரை எண்ணி மோவாயைத் தூக்க, பதறிப்போன பேராசிரியர் தாமே விடையைச் சொல்லிவிட்டார் என்பது விடுதி வரலாறு.

ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவன். ஊருக்குப் போகும் பஸ்ஸில் எவருடைய கைப்பேசியிலோ ஒலித்த ஜாஸ் இசை அவனைப் பிடித்துக்கொண்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனவன், திரும்பி வந்ததும் அறிவித்தான்: ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் வரிசை வரிசையாக அமர்ந்து ஒரே மூச்சில் முழங்கும் ‘பிக் பேண்ட்’ ஒன்று நம் விடுதியில் உதயமாகும்! வாசிக்கத் தெரிந்தவர் இல்லையே என்ற சிறு குறை அவனைத் தடுக்கவில்லை.

சாக்ஸபோனுக்கு மேல்கோட்டைச் சீனு வந்தான். கர்நாடக இசை பயின்றவன். தனியாக வாசிக்கச் சொல்லி அவனை எழுப்பிவிட்டால் உட்கார வைப்பது எவராலும் ஆகாது.

“போதும் உக்காருடா! மத்தவங்க காத்திருக்காங்க!”

“இப்பத்தான ராகத்துக்குள்ள கால வெச்சிருக்கேன்!”

ட்ரம்பெட்டுகளுக்கு மண்டி மொஹல்லா பாபுவும் அவன் கூட்டாளிகளும். முகூர்த்த நாட்களில் மாமாவின் கல்யாண பேண்டில் ஊர்வலம் போகிறவர்கள். அவர்களிடம் மூச்சு இருந்தது, முழக்கம் இருந்தது; ஒரே ஒரு குறையும் இருந்தது. நடக்காமல் அவர்களுக்கு வாசிக்க வராது. நாற்காலியில் அமர்த்தினால் ட்ரம்பெட் ஊமையாகும். ஓசை எழுந்தாலோ ஆளும் எழுந்துவிடுவான்.

“கால் தானாப் போகுது குரு, நான் என்ன மாடட்டும், என்ன செய்யட்டும்?” என்று தமிழும் கன்னடமும் கலந்து அழுதான் பாபு.

நால்கு விடுதிக் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து அவர்களின் கணுக்கால்களை நாற்காலிக் கால்களோடு கட்டிவிட்டான். மாடிப்படிக்குக் கீழிருந்த சாமான் அறையில், ஜாஸ் இசை வரலாற்றிலேயே முதன்முறையாக, கைதிகள் மகிழ்ச்சியாக வாசித்தார்கள்.

டிரம்ஸுக்கும் ஒருவனைப் பிடித்துவந்த நால்கு, மேடைப்பேச்சில் கோப்பைகள் வென்ற என்னையும் விடவில்லை. அறிவிப்பாளன் பதவி தந்தான். இரண்டாம் பாட்டின் இறுதியில் ஒரே ஒரு மணியடிக்கும் பொறுப்பும் தந்தான்.

“ஒரு மணிக்கு நான் எதுக்குடா?”

“சும்மா இருக்க ஒருத்தன் வேணும். நம்ம பேண்டுல சும்மா இருக்கத் தெரிஞ்சவனே இல்லை. உனக்கும் தெரியாது, பழகிக்கோ.”

“சரி, நீ ஏன் நாலைச் சொல்றதே இல்லை?”

“நாஞ் சொன்னா எனக்கு மட்டுந்தான் ஆச்சு. அது எல்லாருக்கும் உள்ளுக்குள்ள கேக்கோணும்.”

அவனுக்கு அது இறுதியாண்டு. தேர்வு முடிந்ததும் ஊரில் அப்பாவின் டிராக்டர் காத்திருந்தது. வார்டனோ, ஆண்டு விழாவில் ஒழுங்காக வாசிக்காவிட்டால் நாங்கள் பயிற்சி செய்யும் சாமான் அறை டேபிள் டென்னிஸுக்கு என்று சொல்லிவிட்டார். “ஒரே ஒருக்கா, முழுசாக் கேட்டுட்டாப் போதும். அப்புறம் டிராக்டர் சத்தமே கேட்டுக்கறேன்” என்றான் நால்கு.

விழா நாளில் திரை விலகும் நேரம். கயிறுகளைக் கண்ட வார்டன் அலறினார்: “ஏனப்பா இது, ஸ்டேஜா ஜெயிலா? அவிழ்த்துவிடு!”

முதல் பாட்டைப் பல்லைக் கடித்துக் கடந்தார்கள். இரண்டாம் பாட்டில் பாபு எழுந்தான். கூட்டாளிகள் எழுந்தார்கள். ராகத்துக்குள் கால் வைத்திருந்த சீனுவும் அவர்களோடு கால் வைத்தான். மேடையிலிருந்து இறங்கி, நடுவழியே நடந்து, வாசலைக் கடந்து, எங்கள் பேண்ட், மாப்பிள்ளை இல்லாத மாப்பிள்ளை ஊர்வலம்போல் வெளியே போயே போய்விட்டது! எஞ்சியவர்கள் டிரம்ஸ்காரனும் நானும், வெற்று நாற்காலிகளை நோக்கிக் கையசைக்கும் நால்குவும்.

“ஆயித்தா? முடிஞ்சுதா?” என்று எழுந்தார் வார்டன்.

அரங்கின் அமைதியைக் கண்டால் அதைப் பேசி நிரப்புவதே என் பிறவிக்குணம். ஒலிபெருக்கியைப் பற்றினேன். நால்கு என்னைப் பார்த்தான். அந்தக் கண்களில் அப்படியொரு கெஞ்சல். கையை எடுத்துவிட்டேன்.

“வருவாங்க” என்றான் மெதுவாக. “ஊர்வலம் எங்க போனாலும் மண்டபத்துக்குத்தான வந்தாகோணும்?”

டிரம்ஸ் மட்டும் தாளம் பிடித்தது. ட்ரம்பெட்டுகள் தூரத்தில் தேய்ந்தன. மெஸ்ஸின் பின்புறம் வளைந்தன. மெல்ல மெல்ல வளர்ந்தன. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்க, மறுவாசல் வழியே அவர்கள் முழங்கிக்கொண்டு நுழைந்தார்கள். “ஒந்து, எரடு, மூரு...” மோவாய் உயர்ந்தது. நான்காவது எனக்குள் கேட்டது. மணியடித்தேன். வார்டனே கைதட்டினார்.

அறையை வென்றோம், ஆனால் நால்கு ஊருக்குப் போய்விட்டான். அவனுக்குப் பின் ஒருநாள் கூடினோம். சீனு நான்கையும் உரக்க எண்ணினான். ஆளுக்கொரு திசையில் தொடங்கினோம், யாரும் சிரிக்கவில்லை. இன்று அந்த அறையில் டேபிள் டென்னிஸ் பந்து துள்ளுகிறது.

இப்போதும் நான் மேடையேறினால், முதற்சொல்லுக்கு முன் சற்று நிற்கிறேன். தேர்ந்த பேச்சாளனின் உத்தி என்று நடுவர்கள் அதற்கும் மதிப்பெண் தருகிறார்கள். உள்ளுக்குள் மூன்று வரைதான் எண்ணுகிறேன். நான்காவது ஹனூரிலிருந்து வரவேண்டும். வரும்வரை நான் பேசுவதில்லை.