பாடுகிற ரேடியோவைப் பழுதுபார்ப்பவர்

பழைய வால்வு ரேடியோவுக்கு வைத்தியம் பார்ப்பவர் என்றொரு மனித வகை உண்டு. ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேலை, குடும்பம், மூக்குக்கண்ணாடி எல்லாம் நம்மைப் போலவே இருக்கும். அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்ப் பாருங்கள், தட்டை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு ரேடியோ குடலைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கும்.

கெட்டுப்போன ரேடியோ என்றுதானே நினைக்கிறீர்கள்? கெட்டுப்போனதை யார் வேண்டுமானாலும் பழுதுபார்ப்பார்கள். இவர் பாடிக்கொண்டிருப்பதைப் பழுதுபார்ப்பவர்.

என் பக்கத்து வீட்டுக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மாமனார், மகள் வீட்டோடு தங்க வந்தபோது ஒரு துணிப்பெட்டியும் ஒரு வால்வு ரேடியோவும் கொண்டுவந்தார். சாயங்காலமானால் அதில் பழைய பாட்டு கேட்பார். பகலெல்லாம் அவர் உட்கார்ந்திருப்பதே அந்தச் சாயங்காலத்துக்காகத்தான். ஒருநாள் பாவம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் இரையுது மாப்பிள்ளை. சத்தத்தைக் கூட்டி வச்சா தெரியாது."

மாப்பிள்ளை காதில் முதல் பாதிதான் விழுந்தது. அடுத்த நிமிடம் ரேடியோ மேசைக்கு வந்துவிட்டது. திறந்து பார்த்ததும் இந்த வகையினர் எல்லோரும் சொல்கிற அதே வசனத்தைச் சொன்னார்: "எந்த மடையன் இதுல கை வச்சது?"

அப்புறம் ஆரம்பித்தது பூஜை. ரப்பர் உதிர்ந்த ஒயர்களையெல்லாம் பிடுங்கி, அதே நிறத்தில் துணி சுற்றிய ஒயர் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கி, சின்னக் குழாய் மாதிரி மெழுகு பூசிய பழைய கண்டென்சர்களைக் கழற்றி, அவற்றைத் தூக்கிப் போடாமல் ஒவ்வொன்றின் வயிற்றையும் குடைந்து, உள்ளே புத்தம்புதுக் கண்டென்சரை ஒளித்துவைத்து, உருக்கிய மெழுகால் வாயை அடைத்து, மேலே கொஞ்சம் தூசியும் தடவினார். தூசி எதற்கு? பழசு மாதிரியே இருக்க வேண்டுமாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஒருவரும் இல்லை. அது ரேடியோவின் அடிவயிறு.

"ஏங்க, பால் காய்ச்சுற பாத்திரத்துலயா மெழுகு உருக்குனீங்க?" என்றாள் மனைவி.

"அது அந்தக் காலத்து மெழுகும்மா," என்றார் அவர், மனம் நொந்து.

மாமனார் ரேடியோ இருந்த காலி ஸ்டூலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் தன் போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தாள். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல பாட்டு வருதும்மா. ரேடியோ வரலியே."

ஒருவழியாக அந்த நாளும் வந்தது. நேரே கரண்ட் கொடுப்பது இவர்கள் குலத்தில் மகாபாவம். நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டிச் சோதிப்பார்கள். பளீரென்று எரிந்தே நின்றால் உள்ளே கோளாறு, எரிந்து மங்கினால் நலம். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்பைப் பார்த்தது. நானும் பார்த்தேன். மங்கியது. ரேடியோ பாடியது. இரைச்சல் துளியும் இல்லை. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலிக் கையில் தாளம் போட்டார். சும்மா சொல்லக் கூடாது, நானும் தொடையில் தாளம் போட்டேன்.

இதோடு விட்டிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்?

சில மாதம் கழித்து ஒரு மழை நாள். பாட்டின் நடுவே ரேடியோ கரகரத்தது. மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாமா, கேட்டுச்சா?"

"வெளியே மின்னுது மாப்பிள்ளை. மின்னுனா அப்படித்தான் கேக்கும்."

"இல்ல மாமா. உள்ள ஏதோ இருக்கு."

"இந்தப் பாட்டு முடியட்டுமே."

பாட்டு முடியவில்லை. ரேடியோ மேசைக்குப் போனது. திறந்தார். தூசி படிந்து, மெழுகு வழிந்து, வரிசையாகப் பழைய கண்டென்சர்கள். அதற்குள் வேறு நாலைந்து ரேடியோக்களின் வயிற்றைக் குடைந்துவிட்டவருக்கு எது எவர் வயிறு என்று நினைவிருக்குமா?

"எந்த மடையன் இதையெல்லாம் மாத்தாம விட்டிருக்கான்!" என்று கட்டரை எடுத்தார். கால் கம்பிகளை ஒட்ட ஒட்ட வெட்டினார். எல்லாவற்றையும் வெட்டி முடித்தபிறகு, ஒன்றின் வயிற்றைக் குடைந்தார். உள்ளே புத்தம்புதுக் கண்டென்சர் பளபளத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யாரோ பெரிய வேலைக்காரன்மா. என்னா சுத்தம் பாரு!"

"அது நீங்கதாங்க," என்றாள் மனைவி.

மாமனார் நாற்காலியைக் காலி ஸ்டூல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை பால் பாத்திரத்தைத் தேடி அடுக்களைக்குப் போனார்.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அவர் கட்டரை எடுத்த இடத்தில், 'அடடா, வெட்டுவார்களா? ஒரு கால் கம்பியை மட்டும் கழற்றிச் சோதித்திருக்கலாமே!' என்று உங்கள் வாய் முணுமுணுத்திருந்தால், தயவுசெய்து புத்தகத்தை வீட்டுக்காரம்மாவிடம் கொடுங்கள். அந்த அம்மா இப்போது தட்டை எங்கே வைத்துச் சாப்பிடுகிறார் என்று நான் கேட்க வேண்டும்.