சாகாதது எங்களுது

மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த புதூர்நாட்டில், அர்ச்சுனனின் கேழ்வரகுக் கொல்லைக்குக் குலைநோய்ப் பூஞ்சை வந்தது. வருஷம் முழுக்க அவன் வீட்டுக் களிக்கு அந்தக் கொல்லைதான் கதி. ஆலங்காயத்தில் வாங்கிய மருந்தை அடித்தான். பூஞ்சை அதைக் குடித்துவிட்டு இன்னும் செழிப்பாகப் படர்ந்தது. வயிறெரிந்துபோய் அடிவாரத்துப் பூஞ்சை ஆராய்ச்சி நிலையத்தில் முறையிட்டான்.

மறுநாளே ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரி குணசீலன், கருகிய கதிர்களைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"மருந்துக்குச் சாகலையா? அப்போ இது எங்களுதுதாங்க!"

"இன்னா சார் சொல்றீங்க?"

"பூஞ்சைக்குள்ள வேற மரபணுவ நுழைப்போம், கூடவே மருந்துக்குச் சாகாத மரபணு ஒண்ணையும். நுழைஞ்சுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மருந்த ஊத்துவோம். செத்தா வெறும் பூஞ்சை. சாகலன்னா எங்களுது. எப்படியோ தப்பிச்சு மலையேறிடுச்சு."

"அப்ப எட்த்துகினு போங்க சார்."

"அரசு உடைமைய மேலிடத்து உத்தரவு இல்லாம எப்படிங்க நகத்துறது?"

"என் பயிரு செத்துப்போச்சே, அதுக்கு இன்னா வழி?"

குணசீலன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "செத்தது எங்களுது இல்லீங்களே. விதிப்படி அது உங்களுது."

அன்று மாலையே பலகை நட்டார்கள்: 'அரசுப் பூஞ்சை. துன்புறுத்துவோர் தண்டிக்கப்படுவர்.' கொல்லையைக் கொளுத்தத் தீப்பெட்டியோடு வந்த அவன் மனைவி சசிகலாவுக்குக் கடும் எச்சரிக்கை. அர்ச்சுனனுக்குப் பொன்னாடை, 'பூஞ்சைக் காவலர்' பட்டம், கூடவே ஒரு செல்ஃபி. மேலதிகாரிகள் பூஞ்சையைப் பார்வையிட வர வேண்டுமே! பிரசவ வலி எடுத்தவர்களை டோலி கட்டித் தூக்கிப்போன தடத்தில் தார்ச்சாலை வந்தது.

சாலையைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை.

"உனுக்கு மட்டும் இன்னாடா யோகம்? எங்க கொல்லிக்கும் ரெண்டு நோய்க்கதிரு குட்றா" என்று சின்னதம்பி சண்டைக்கே வந்துவிட்டான். அர்ச்சுனன் கொடுத்தான். அந்தப் போகத்தில் புதூர்நாடு முழுக்கச் சாலை தேறியது. கேழ்வரகுதான் ஒரு படியும் தேறவில்லை.

சாலைத் திறப்பு விழாவில் அர்ச்சுனன் காலிவயிற்றோடு எழுந்து நின்றான்.

"சார், எத்தினியோ வருசமா நீங்க ஊத்துனதெல்லாம் குட்சிட்டு நாங்களும் சாவாமத்தான் கீறோம். அப்ப நாங்களும் உங்களுதா?"

குணசீலன் கூட்டத்தை நிதானமாக ஒருமுறை பார்த்தார்.

"உடனே சொல்ல முடியாதுங்க. இன்னும் கொஞ்சம் ஊத்திப் பாக்கணும்."

புதுத் திட்டம் ஏதோ வருகிறது என்று கூட்டம் கைதட்டியது. அர்ச்சுனனும் தட்டினான்.

"மொதல்ல எங்க ஊருக்கு ஊத்துங்க சார்!" என்று சின்னதம்பி முண்டியடித்துக்கொண்டு முன்னே போனான்.