தக்கை இல்லாமல் அப்பா மீன் பிடித்த விவரம்

வேலந்தாவளம்,
திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய பெரியமாமா அவர்களுக்கு,

மருமகள் செல்வப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், அப்பாவின் வலது கை ஆள்காட்டி விரல் நீங்கலாக. காந்தலூரில் தாங்களும் அத்தையும் பூண்டுப் பயிரும் நலமா? ஃபோனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாங்கள் அனுப்பும் குரல் செய்திகளைத் தாங்கள் முற்றத்தில் நின்று சத்தமாக வைத்துக் கேட்பீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு.

மோனிஷா அக்காவுக்கு இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது தாங்கள்தான். அதற்கு நன்றி. மாப்பிள்ளை அஜய் ஃபோனில் பேசத் தொடங்கிய பிறகு அக்கா வெந்த சோற்றை மறுபடி அடுப்பில் ஏற்றுகிறாள். இது கலைந்துபோனால் அவள் என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயம். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா சுருளிவேல் ஐயா தக்கை கட்டாமல் தூண்டில் போடுவதில் கெட்டிக்காரர் என்று எங்களிடம் சொன்ன தாங்கள், எங்கள் அப்பாவும் அப்படித்தான் என்று அவரிடமும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் அப்பாவை அழைத்து, "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றோம்யா. அப்படியே உங்க ஊரு ஏரியில கொஞ்ச நேரம் தூண்டில் போட்டு உக்காருவோம். தண்ணி ஓரத்துல உக்காந்தா மனுசன் குணம் தெரிஞ்சுபோகும்" என்றார். அப்பா, "அதுக்கென்னங்க, ஆவட்டுங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, "கற்பகம், உங்கண்ணன் என்னையக் கொன்னுபோட்டான்" என்றார். இது ஒன்று பொய் என்று தெரிந்தால் அக்காவைப் பற்றித் தாங்கள் சொன்ன மற்றவற்றையும் அவர்கள் நம்பமாட்டார்கள் என்று அம்மா கலங்கினாள். அக்கா பி.காம். முடித்தது உண்மைதான். சமையலைப் பற்றித் தாங்கள் சொன்னதை இப்போது பேச வேண்டாம்.

வீட்டில் புத்தகம் படிப்பவள் நான் ஒருத்தி என்பதால் அப்பாவுக்குக் கற்றுத்தரும் பொறுப்பு என்மேல் விழுந்தது. பள்ளி நூலகத்தில் மீனைப் பற்றி இருந்த ஒரே புத்தகம் செவுள்களை விவரிப்பதோடு முடிந்துவிட்டது. ஆகவே பாஸ் என்ற வெளிநாட்டு மீனைப் பிடிப்பது பற்றிய மலையாள வீடியோ ஒன்றைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். எங்கள் ஏரியில் அந்த மீன் இல்லை. ஆனாலும் மீன்களுக்குப் பொதுவான குணம் என்று ஏதாவது இருக்கும் அல்லவா. நூலில் மிதக்கும் தக்கை இருந்தால் அது முங்கும்போது இழுத்தால் போதும். இல்லாவிட்டால் நூலை ஆள்காட்டி விரல்மேல் படியவிட்டு, அது தண்ணீருக்குள் இறங்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விரலில் டொக்கென்று தட்டினால் மீன். நூல் தானாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் மீன். இறுகியிருந்த நூல் திடீரென்று தொய்ந்தாலும் மீன்தான், இரையோடு நம் பக்கம் வருகிறது. மெதுவாகக் கனத்தால் பாசி. அசையவே மறுத்தால் கல். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. அப்பாவோ நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வாளையாரில் லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறவர். கனம் என்பது அவருக்குச் சிவப்பு எண்களில் தெரிய வேண்டும், விரலில் தெரிந்து பழக்கமில்லை.

வீட்டுக்குள்ளேயே பயிற்சி வைத்தோம். அப்பா முன்னறையில் தூண்டிலோடு நாற்காலியில் உட்காருவார், நூல் அடுக்களை வழியாகக் கொல்லைக்குப் போகும், மறுமுனையில் நான் மீனாகவும் பாசியாகவும் கல்லாகவும் மாறி மாறி இருப்பேன்.

"அம்மிணி, இப்பக் கடிச்சுது."

"நான் இன்னும் நூலையே தொடலீங்கப்பா."

"அப்ப எது இழுத்துச்சு?"

இழுத்தது அம்மா. குழம்புச் சட்டியோடு நூலில் தடுக்கி நின்றாள். "ஏனுங்க, நான் ஊட்டுக்குள்ள நடக்கறதா வேண்டாமுங்களா?" என்று அவள் கேட்க, அப்பா என்னிடம், "பாத்தியா, கனம் தெரிஞ்சுதில்ல" என்று பெருமைப்பட்டார். மறுநாள் பக்கத்து வீட்டு நாய் நூலைக் கவ்விக்கொண்டு ஓடியது. அதைப் பாசி என்று அப்பா தீர்மானித்து இறுக்கிப் பிடித்ததில்தான் நூல் விரலை அறுத்தது. இனி மாற்று ஏற்பாடு தேவை என்று புரிந்தது. நான் பக்கத்தில் நின்று நூலைப் பார்ப்பேன், அது அசைந்தால் இருமுவேன், அப்பா இழுப்பார். இது நேர்மையாகாதே என்று அக்காவிடம் சொன்னேன். அவள் எனக்குத் தொண்டை கட்டாமலிருக்க மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

நேற்று பெண் பார்க்க வந்த ஐயாவையும் அஜயையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் ஏரிக்குப் போனோம். சுருளிவேல் ஐயா நூலை விரல்மேல் படியவிட்ட விதம் அப்படியே அந்த வீடியோவில் இருந்ததுபோலவே இருந்தது. நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் இருமினேன், அப்பா இழுத்தார், தாமரைத் தண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அஜய் தொண்டையைச் செருமினார், ஐயா இழுத்தார், அவருக்கும் தாமரைத் தண்டு.

"பாப்பாவுக்குச் சளியாய்யா?" என்று ஐயா கேட்டார்.

"ஏரிக் காத்து ஆவறதில்லீங்க. தம்பிக்குங்களா?"

"அவனுக்கு மலைக் காத்துதான் பழக்கம். இங்கன ஒத்துக்கல."

இப்படியே இருவரும் ஏரியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அம்மா டீ கொடுக்க என்னைக் கூப்பிட்டாள். நான் திரும்பிய நேரம் பார்த்து அப்பா மெதுவாக, "அம்மிணி, தொட்டுச்சு" என்றார். நான் இருமவே இல்லை, மாமா. அவர் இழுத்தார், கம்பு வளைந்தது, முழங்கை நீளத்துக்கு ஒரு ரோகு மீன் புல்லில் வந்து விழுந்து துள்ளியது. ஆண்கள் மூவரும் பின்னால் நகர்ந்தார்கள். அம்மாதான் அதை முந்தானையால் மூடிப் பிடித்து, கொக்கியைக் கழற்றி, மீனைப் பைக்குள் போட்டாள்.

சுருளிவேல் ஐயா தூண்டிலைக் கீழே வைத்தார். "சம்பந்தி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை, அக்கா என் தோளை அழுத்திப் பிடித்தாள். "உள்ளதச் சொல்லிர்றேன். எனக்கு இந்த வித்தை தெரியாது. உங்க மச்சினன் என்னையப் பெரிய ஆளுன்னு சொல்லிப்புட்டாரு, நானும் இல்லைங்கல. ஒரு வாரமா இந்தப் பய வீடியோவப் போட்டுக் காட்டி என் உசிர வாங்குறான்."

இப்போது அப்பாவும் உண்மையைச் சொல்வார் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்பா நூலைச் சுற்றிக்கொண்டே, "எல்லாம் பழக்கமுங்க சம்பந்தி. விரலே சொல்லிப்போடும். நீங்க வாங்க, நானே சொல்லித் தர்றனுங்க" என்றார். ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் தை மாதத்தில்.

என் பாடத்தில் தேறிய முதல் மாணவர் அப்பா என்பதில் எனக்குப் பெருமை. பொய்யும் உழைத்தால் உண்மையாகும் போலிருக்கிறது. ஆனாலும் இனி எங்களைப் பற்றி யாரிடமும் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம் என்று மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு என் அன்பு. தங்கள் தோட்டத்துக்கு மழை அளவோடு பெய்யட்டும், காட்டுப்பன்றிகளுக்கு வேறு தோட்டம் கிடைக்கட்டும்.

தங்கள் சொல் தட்டாத மருமகள்,
செல்வப்பிரியா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகையில் அம்மா ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மீனைக் கழுவ என்னைக் கூப்பிட்டாள். மீனின் வாயில் ஒரு கீறல்கூட இல்லை. கொக்கி ஏறிய துளை வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது கடிக்கவே இல்லை, மாமா. அப்பா இழுத்தபோது அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. "நேத்தே பாத்துட்டேன் கண்ணு. உங்கப்பாகிட்ட மூச்சு விட்றாதே, தாலி ஏறட்டும்" என்றாள் அம்மா. ஆகவே மேலே பாடம், மாணவர், பெருமை என்று நான் எழுதியதை விட்டுவிட்டுப் படிக்கவும். சுருளிவேல் ஐயா வரும் ஞாயிறே பாடத்துக்கு வருகிறாராம். எடைமேடையில் தை வரை அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்று தாங்களே அவரிடம் சொல்லிவிடவும். தாங்கள் சொன்னால்தான் அவர் நம்புகிறார்.